எலிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை

நான் எலிகளுக்குச் சாராயம் ஊற்றிச் சம்பளம் வாங்கியவன். சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அறுபதுகளின் கடைசியில் ஊர் முழுக்க மதுவிலக்கு. தாம்பரத்தில் யாருக்கும் பயப்படாமல் தினமும் குடித்துக்கொண்டிருந்தவை எங்கள் பன்னிரண்டு வெள்ளை எலிகள்தான்.

ரயில்வே லைனுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம். பேராசிரியர், நான், வாசலில் ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான் கூட்டம். தினம் குடித்தால் மூளைக்கு என்ன ஆகிறது என்பது பேராசிரியரின் ஆராய்ச்சி. ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு புட்டிகள் தொங்கும். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்த தண்ணீர். எது வேண்டுமோ எலியே தேர்ந்துகொள்ளலாம். எலிக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு என்பதால் பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டு, உள்ளே ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். காலை எட்டு மணிக்குப் புட்டிகளை நிரப்பி, இடது வலது மாற்றி மாட்டி, சாயங்காலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடம் பூட்டியிருக்கும்.

முதல் வாரம் ஸ்பிரிட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட எலிகள்தான். மூன்றாவது மாதம் நான் புட்டியை மாட்டுவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

வினை திங்கட்கிழமைகளில் வந்தது. மற்ற நாட்களைவிடத் திங்கட்கிழமை மட்டும் ஸ்பிரிட் புட்டிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு குறைந்தன. பேராசிரியர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு நாள் என்னை நேராகப் பார்க்காமல் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்துட்டு வந்தா, திங்கக்கிழமை உடம்பு கேக்குதோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எலி வாய் வெச்ச தண்ணியை நான் குடிப்பேனா சார்?" என்று கத்திவிட்டு வந்தேன். நான் குரோம்பேட்டை சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பவன்!

அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். கல்யாணமாகி நான்கே மாதம். அவள் ஸ்கூல் டீச்சர். அவள் அப்பா திருட்டுச் சாராயத்தில் போனவர். குடிக்கவே மாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள். நான் சொன்னதை எல்லாம் அமைதியாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஒரு மாதமாகவே தெரியும் என்றாள். ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப்போக வந்தவளிடம் எங்கள் வாட்ச்மேன் வத்தி வைத்திருக்கிறார்: "இன்னா டீச்சர், உங்க வூட்டுக்காரரு திங்கக்கெயமையானா ஏத்திக்கினு போறாராமே?"

"நீ நம்பினியா?" என்றேன்.

"வர்ற திங்கக்கிழமை நானும் உங்ககூட வரேன், லீவு போட்டுட்டு" என்றாள். பேராசிரியர் என்ன நினைத்தால் எனக்கென்ன? இவள் நினைத்தால் நான் எங்கே போவேன்?

திங்கட்கிழமை குரோம்பேட்டையில் ரயிலேறி எட்டு மணிக்கு முன்பே போய்விட்டோம். கதவைத் திறந்து உள்ளே போனதும், என் கையில் சாவிக்கொத்து குலுங்கிய சத்தத்துக்கே எலிகள் துள்ளி விழுந்தன. ரோமம் சிலிர்த்துக்கொண்டு, முன்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. திங்கட்கிழமைகளில் அப்படித்தான், குளிர் என்று நினைத்துக்கொள்வேன். அவள் கூண்டருகே போய்ப் பார்த்தாள்.

"எங்கப்பா காலையில கதவு சாத்தற சத்தத்துக்கே இப்படித்தான் தூக்கிப்போடுவார்" என்றாள்.

நான் ஸ்பிரிட் புட்டிகளை மாட்டினேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னை எதிர்மூலையில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்றாள், வகுப்பில் குறும்புப் பையனைச் சொல்வதுபோல. எலிகள் மொய்த்துக்கொண்டு குடித்தன. ஒன்பதரைக்குப் பேராசிரியர் வந்து அவளைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"சார், நான் எட்டு மணியிலேர்ந்து இங்கேயே இருக்கேன்" என்றாள். "இவர் தொடலை. அவ்வளவையும் எலிதான் குடிச்சுது."

பேராசிரியர் குனிந்து புட்டிகளைப் பார்த்தார். "அது ஏம்மா திங்கக்கிழமை மட்டும்?"

"தெரியலை சார். நாங்க வரும்போது கூண்டுல தண்ணிப் புட்டி மட்டும்தான் இருந்துச்சு. இன்னொண்ணை இவர் அப்புறம்தான் மாட்டினார்."

ஐயோ! என்னைக் காப்பாற்ற வந்தவள் ஒரே வாக்கியத்தில் மாட்டிவிட்டாள். பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை சாயங்காலமே எடுத்துடுவேன் சார். ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் இல்லையா?"

"யாருக்கு?"

"எலிக்கு, சார்." கர்த்தருடைய நாளில் என் கையால் ஊற்றியதை ஒரு ஜீவன் குடிப்பதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அதைச் சொல்லியும் விட்டேன்.

அவர் கத்தப்போகிறார் என்று நின்றேன். கத்தினார். "ஆறு மாச வேலைய்யா! ஆறு மாசம்!" கத்திக்கொண்டே என் சாவிக்கொத்தைப் பிடுங்கி மேஜைமேல் போட்டார். ஒன்றரை மணி நேரம் குடித்த எலிகளில் ஒன்றுகூடத் துள்ளவில்லை.

"சத்தமே கேட்காத மாதிரி இருக்கே சார்! காலையில இதே சாவிக்குத் துள்ளிச்சு" என்றாள் அவள். பேராசிரியரின் கோபம் அப்படியே நின்றுவிட்டது.

ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு அவளுக்குத்தான் விளக்கினார், எனக்கு இல்லை. சாராயம் மூளையை அமுக்குகிறது. தினமும் அமுக்கினால் மூளை சும்மா இருப்பதில்லை. தன் ரசாயனங்களை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளப் பழகிவிடுகிறது. திடீரென்று சாராயத்தை நிறுத்தினால் தள்ளுவது மட்டும் மிஞ்சும். நடுக்கம், திடுக்கிடல் எல்லாம் அதனால்தான். அதற்குப் பிறகு சாராயம் கிடைக்கும்போது எலி முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறது.

"அப்போ எங்கப்பா வேணும்னே பண்ணலையா சார்?"

"வேணாம்னு அவர் நினைச்சிருந்தாலும் மூளை விட்டிருக்காதும்மா" என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் என்னிடம் வந்து, "உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு" என்றார். அந்த வாரத்திலிருந்து ஆறு கூண்டுகளுக்கு ஞாயிறு விடுமுறை, ஆறு கூண்டுகளுக்குக் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஆராய்ச்சியே திசை மாறியது. என் கிறுக்குத்தனத்துக்கு நோட்டில் தனிப் பக்கம் கிடைத்தது.

ரயிலில் திரும்பும்போது எனக்கு ஒரே குஷி. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு மாசமா தினமும் நீங்க தூங்கினதும் உங்க வாயை மோந்து பார்த்தேன்."

"அடிப்பாவி! தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை. ஓய்வுநாள்ல புருஷனைச் சந்தேகப்படக் கூடாதுன்னு மனசைப் பிடிச்சு வெச்சுப்பேன்."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை ரெண்டு தடவை பார்ப்பேன்."