வெள்ளிக் குழலை ஒதுக்கி வைத்த நாள்

1930ஆம் வருஷம், மாசி மாதம், சிவராத்திரி கழிந்த நாலாம் நாள். நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இங்கிலீஷ் பாடம் சொல்லிக் கொடுத்துவந்த காலம்.

அந்த வீட்டு ஆச்சியின் மகன் அப்போது சைகோனிலிருந்து வந்திருந்தார். கப்பலில் சிநேகமான அர்ஜென்டினா தேசத்தார் ஒருவர் கொடுத்ததாக ஒரு டப்பா நிறையப் பச்சை இலைத்தூளும், ஒரு சுரைக்குடுக்கையும், அடியில் சல்லடை வைத்த ஒரு வெள்ளிக் குழலும் கொண்டுவந்தார். மாத்தே என்று பெயராம். அங்கே ஒரே குழலைக் கைமாற்றி எல்லாரும் உறிஞ்சுவார்களாம். டம்ளரையே உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற வீடு அது. "எச்சிக் குழலை எட்ட வைப்பா" என்றார் ஆச்சி. குழல் அலமாரிக்குப் போயிற்று.

நான் சொல்லும் அந்த நாளில் மகன் காரைக்குடிக்குப் போயிருந்தார். ஆச்சிக்கு மூன்று நாளாக விடாத தலைவலி.

"வாத்தியாரையா, அந்த இலை அசதிக்கு நல்லதுன்னான் எம் மகன். நீகதான் படிக்காத பொஸ்தகமில்லையே, எப்புடிப் போடணும்னு சொல்லுங்க."

ஒரு பயண நூலில் அதைப் பற்றி நாலு வரி படித்திருந்தேன். காப்பியைப் போலத் தூக்கத்தை விரட்டும் என்று இருந்தது. தயாரிக்கும் முறை இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழல் வேண்டாமென்றால் கஷாயம்தானே என்று நினைத்து, "ரெண்டு கைப்பிடி இலைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு டம்ளராக வற்ற வைக்கணும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

சாறு கறுத்து, புகையிலை வாடை அடித்தது. ஆச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அப்போது மணி பத்தே முக்கால். பதினொன்றே காலுக்கு அவர் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. பதினொன்றரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. "உள்ளுக்குள்ள உலக்கை போடுறாப்புல இருக்கு" என்றார். வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது.

ஊர் வைத்தியர் ஓடிவந்தார். புத்தக முறைப்படி வைத்த கஷாயம் குடித்ததாக வீட்டார் சொன்னார்கள். நாடி பிடித்தார், உள்ளங்கையைத் தொட்டார். "கை சில்லிட்டுப் போச்சு. இருதயம் தளந்து போகும்போல இருக்கு. தேன் கொண்டாங்க" என்று கஸ்தூரி மாத்திரையை எடுத்தார். எடுத்தவர் என் பக்கம் திரும்பி, "ஏன் வாத்தியாரே, அளவு பொஸ்தகத்துல உள்ளதுதானே?" என்றார்.

ஆம் என்று ஒரு தலையசைப்புப் போதும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. கஸ்தூரி உடம்பை இன்னும் முடுக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தேன்கிண்ணம் வந்துவிட்டது. மாத்திரை கல்லில் உரசப்படும் சத்தம் கேட்டது.

"இல்லை. அளவு நானாகச் சொன்னது. அது காப்பி மாதிரி முடுக்குகிற இலை. எட்டுப் பங்கை ஒன்றாக்கிக் கொடுத்துவிட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

வைத்தியர் கல்லைத் தள்ளி வைத்தார். "அடப்பாவி மனுசா! ஓடுற குதிரைய அடிக்கப் பாத்தேனே" என்றவர், நீர்மோர் கொண்டுவரச் சொல்லி, விசிறச் சொல்லி, நாடியில் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்துவிட்டார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு மகன் வந்தார். "கொதிக்கவே விடக் கூடாதே! குடுக்கையில இலையப் போட்டு, பொறுக்குற சூட்டுல கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி ஊத்தி உறிஞ்சணும். அந்த ரெண்டு பிடி ரெண்டு நாளைக்கு வருமே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். நாலு மணிக்குப் பிறகுதான் ஆச்சியின் நடுக்கம் அடங்கியது.

மூன்றாம் நாள் ஆச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை போயிற்று என்று நினைத்தே போனேன். கூடத்தில் மகன் குடுக்கையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழலைப் புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள்.

"வாங்க. மொதல்ல நீக குடிங்க. ஒரு மணி நேரம் அங்குட்டு உக்காந்திருங்க. உசுரோட இருந்தீகன்னா நாங்க குடிக்கிறோம்" என்றார் ஆச்சி.

உறிஞ்சினேன். லேசான கசப்பு, வைக்கோலின் மணம், தொண்டைக்குள் இதமான சூடு. அவ்வளவு நல்ல பானத்தைத்தான் விஷமாக்கியிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஆச்சி தமக்கு மட்டும் டம்ளரில் வடிகட்டி வாங்கி, அண்ணாந்து இரண்டு வாய் குடித்தார். "இதுக்கா இம்புட்டுப் பாடு" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து என் தினக்குறிப்பில் கண்டது, படித்தது, நானாக நினைத்தது மூன்றையும் தனித்தனியே எழுதிவருகிறேன். மூன்றாவதைப் படித்ததாகச் சொல்லிவிட்டால் இன்னொருவர் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை அருகில் நின்று பார்த்தவன் நான்.