திடீர் சோதனை, புதன் காலை பத்து மணி

மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து, மருந்துக் கிடங்குக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார் சீட்டு மேடம். கட்டைவிரலால் ஓர் அழுத்து; அடுத்தது. அந்த ஆஸ்பத்திரியின் உள்தணிக்கைப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. பிரிவு என்றால் மூன்று பேர், இரண்டு மேசை.

பதினாறு வருடமாகத் தணிக்கை செய்கிறார். ஒன்றையாவது சொன்ன தேதியில் முடித்ததில்லை. இயக்குநர் போன மாதம் கறாராகச் சொல்லிவிட்டார்: கிடங்குத் தணிக்கை இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேலை வெளியாட்களுக்கு, பிரிவுக்குப் பூட்டு. மேடம் ஓடிப்போய், பாலமும் கட்டடமும் கட்டுகிறவர்கள் படிக்கும் திட்ட மேலாண்மை வகுப்பில் மூன்று நாள் உட்கார்ந்தார். திரும்பி வந்தவர் வேறு ஆள். எந்த வேலை, யார் பொறுப்பு, எது முடிந்தால் எது தொடங்கும், எல்லாமே சீட்டுதான். வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டினார். கணவர் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டுதான் சமையலறைக்குள் வந்தார்.

திட்டம் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்பது வகுப்பில் கேட்ட பாடம். மேடம் அட்சரம் பிசகாமல் அதன்படி செய்தார். அன்று திங்கட்கிழமை. மதியம் கிடங்குக்காரர் சுவரை நின்று நிதானமாகப் படித்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்.

"மேடம், திடீர் சோதனை புதன் காலை பத்து மணின்னு போட்டிருக்கே. கரெக்டா பத்துக்கு வந்துடுவீங்களா? சாவி எடுத்து வைக்கணும்."

பிரிவின் மற்ற இருவரும் மேசைக்கடியில் பேனா தேடப் போனார்கள். பேனா தேடுகிற முதுகு அப்படிக் குலுங்காது.

மேடத்துக்குக் காது வரை சூடேறியது. "கரெக்டா பத்துக்கு" என்றார், வேறு வழியில்லாமல்.

கிடங்குக்காரர் நகர்ந்ததும் இருவரில் சின்னவள் மேசைக்கடியிலிருந்து தலை நீட்டினாள். "திடீர் சோதனைக்கு அழைப்பிதழ் வச்ச முதல் ஆடிட்டர் நீங்கதான்க்கா."

மேடத்துக்கே சிரிப்பு பீறிட்டது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஆனால் சீட்டை அவர் கிழிக்கவில்லை. ஒரு வேலை கெட்டால் வரிசையை மாற்று என்றும் வகுப்பில் சொல்லியிருந்தார்களே.

மறுநாள் செவ்வாய், காலை ஏழு மணிக்கு மூவரும் எண்ணிக்கைத் தாளோடு கிடங்குக்குப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. காலாவதியான ஊசிமருந்துப் பெட்டிகளை முகவாய் வரை அடுக்கிச் சுமந்தபடி, பின்வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கி நின்றார் கிடங்குக்காரர்.

"நாளைக்குத்தானே மேடம்?"

"இன்னைக்கு ஒத்திகை. இறக்கி வைங்க, எண்ணிடலாம்."

அப்புறம் கிடங்குக்காரரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியின் தேதியையும் வாசித்தார். பன்னிரண்டு மணிக்குள் கிடங்கு முழுவதும் எண்ணி, அவரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. மேடம் வெளியே வந்து புதன்கிழமைச் சீட்டை உரித்து, 'முடிந்தது' என்ற தலைப்புக்குக் கீழே அழுத்தி ஒட்டினார்.