ஒத்த டப்பா, ரெண்டு டப்பா

சரிபார்க்க முடிந்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். ஒரு சொல்லை அளந்து பேசாமல் விட்டதால் நேர்ந்த பிழையைப் பற்றியது இக்கட்டுரை; அதை எழுதும்போது மறுபடியும் அளவு தவறக் கூடாது. ஒரு கார்க் கதவுக்கு நிறம் அடித்த அந்த நாள்களில் ஒவ்வொரு பூச்சின் நேரத்தையும் குறித்துவைத்த அட்டை என்னிடம் இருக்கிறது. காலி டப்பாக்களும் கொட்டகையில் இருக்கின்றன. மனைவியும் மைத்துனரும் பேசியவற்றை அவர்களிடமே வாசித்துக் காட்டினேன். மைத்துனர் தம்முடைய இன்னொரு கேலியையும் சேர்க்கச் சொன்னார். அதை அவர் அன்று சொல்லவில்லை என்பதால் மறுத்துவிட்டேன்.

இராசபாளையத்தில் நூற்பாலை எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எனாமல் அடிப்பது என் வேலை. மூடிகளையும் பெட்டிகளையும் துரு நீக்கி, செங்காவி நிறத்தில் அடிப்பூச்சாக ஒரு பிரைமர் அடித்து, மறுநாள் அதன்மேல் சாம்பற்பச்சை எனாமலை ஸ்பிரே கன்னால் கனமாக ஒரே கையில், அதாவது ஒரே பூச்சாக, அடித்து முடிப்போம். இரும்பு முழுவதும் நனைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆலைக்குத் திரும்பிய ஒரு வாரத்தில் பஞ்சுத்துகள் படிந்து, பூச்சின் நிறையையும் குறையையும் ஒருசேர மூடிவிடும். எங்கள் பட்டறையில் பிரைமர் என்றால் அந்தச் செங்காவி டப்பாதான். அச்சொல்லுக்கு வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்று எங்களில் எவரும் எண்ணியதில்லை.

என் மனைவி வத்திராயிருப்பை அடுத்த பள்ளி ஒன்றில் ஆசிரியை. பேருந்தில் போனால் திருவில்லிபுத்தூரில் இறங்கி மாற வேண்டும். முழங்கால் வலி தொடங்கிய பின் படியேறி இறங்குவது அவருக்குக் கடினமாயிற்று. அதற்காகவே பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினோம். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் அடிவிளிம்பில் துரு ஏறி நிறம் பொரிந்திருந்தது. காலாண்டு விடுமுறையில் நானே அடித்துத் தருவதாகச் சொன்னேன். அதற்கு முன் எந்தக் காருக்கும் நான் அடித்ததில்லை.

“மெஷினுக்கு அடிக்கிறதும் காருக்கு அடிக்கிறதும் ஒண்ணாங்க?” என்று கேட்டார்.

“ரெண்டும் தகரந்தானே.”

“அப்பச் சரி. ஆனா பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கு நான் கதவோட போகணும்.”

விடுமுறை ஒன்பது நாள். முதல் நாள் கதவைக் கழற்றி, கொட்டகையில் இரண்டு முக்காலிகளின்மேல் கிடத்தினேன். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து நீக்கி, வீட்டிலிருந்த செங்காவிப் பிரைமரை அடித்தேன். இரண்டாம் நாள் திருவில்லிபுத்தூருக்குப் போனேன். மைத்துனர் வீட்டருகே கார்களுக்கு நிறம் கலந்து தரும் கடை ஒன்று உண்டு. நிற எண்ணைப் பார்த்துக் கலப்பவர் ஓர் இளம்பெண்.

“பிரைமர் அடிச்சாச்சா அண்ணாச்சி?” என்றார்.

“அடிச்சாச்சும்மா” என்றேன்.

நிறம் ஒரு டப்பா, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் ஒரு டப்பா, நீர்க்கவைக்கும் தின்னர் ஒரு புட்டி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை 10.20 என்று அட்டை சொல்கிறது. பட்டறைப் பழக்கப்படி ஒரே கையில் நனைய அடித்தேன். கொட்டகைக் கூரையின் சட்டம் கதவில் தெரிந்தது. எந்திரத்தில் அத்தகைய பளபளப்பை நான் கண்டதில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாகக் கூப்பிடவில்லை. 10.40-க்கு அடிவிளிம்பில் ஒரு சுருக்கம் தோன்றியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேல்நோக்கிப் படர்ந்து, கைப்பிடிக் குழிவரை வந்து நின்றது.

பகல் உணவுக்கு வந்த மைத்துனர் கதவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“மச்சான், பால்கோவா வேணும்னா எங்க ஊருக்குத்தான் வரணும்னு நெனச்சிருந்தேன். நீங்க கதவுலயே கிண்டிட்டீகளே! அக்கா, ஒரு கரண்டி கொண்டா, ஓரத்துல ஆடை அருமையா கட்டியிருக்கு.”

மனைவி சிரிக்கவில்லை. கதவைத் தொடவுமில்லை.

“பஸ்ஸு நேரத்தைக் கேட்டு வச்சுக்கிடவாங்க?” என்றார்.

“வேண்டாம்” என்றேன். அதற்கான ஆதாரம் அப்போது என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாள் செங்காவி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அந்தப் பெண் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

“இதையா அண்ணாச்சி அடியில அடிச்சீக? இது ஒத்த டப்பா பிரைமரு. கேட்டுக்கும் கிராதிக்கும் அடிக்கிறது. மேல நீங்க அடிச்சது ஹார்டனரு கலந்து அடிக்கிற ரெண்டு டப்பா சாமான். அதோட தின்னரு அடியில உள்ளதக் கிளப்பி விட்டுரும். காருக்கு பிரைமரும் ரெண்டு டப்பாதான், சாம்பக் கலர்ல வரும்.” பிறகு, “அன்னைக்கே கேட்டேன்ல, ஒத்த டப்பாவா ரெண்டு டப்பாவான்னு?” என்றார்.

“பிரைமர் அடிச்சாச்சான்னுதானம்மா கேட்டீக?”

“ரெண்டையும் கேட்டேன் அண்ணாச்சி. அது கெடக்கட்டும், எம்புட்டுக் கனமா அடிச்சீக?”

“நனைய நனைய.”

“அதுக்கு இது என்ன சுண்ணாம்பா? தூவினாப்புல ஒரு கை போடுங்க. செத்த நேரம் விடுங்க. பொறவு அடுத்த கை.”

அவர் சொன்ன பிரைமரை வாங்கிவந்து, அன்று பிற்பகலிலிருந்து ஆறாம் நாள் மாலைவரை சுரண்டினேன். சுருங்கிய பூச்சு உப்புத்தாளில் அப்பிக்கொண்டு ஒரு தாளையும் நெடுநேரம் உழைக்கவிடவில்லை. வெறும் தகரம் தெரிந்த பிறகு, ஏழாம் நாள் சாம்பல் நிறப் பிரைமரை அடித்தேன். எட்டாம் நாள் காலை அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து உலரவிட்டு, பிற்பகலில் வெள்ளையை எடுத்தேன். அட்டையில் அன்று மூன்று நேரங்கள் உள்ளன: 2.05, 2.25, 2.45. முதல் கைக்குப் பின் சாம்பல் நிறம் அப்படியே தெரிந்தது. பட்டறையில் அந்த நிலையில் ஒரு மூடியை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கை தானாகவே ஸ்பிரே கன்னை நோக்கிப் போயிற்று. அதைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அடிப்பதற்கு நடுவே அடிக்காமலிருப்பதும் வேலையின் பகுதி என்பது எனக்குப் புதிது. மூன்றாவது கையில், அடிவிளிம்பை நெருங்கும்போது மட்டும் பொறுமை தவறியது. ஒன்பதாம் நாள் மாலை கதவை மாட்டினேன்.

பள்ளி திறந்த அன்று காலை மனைவி கதவை ஒருமுறை திறந்து மூடினார். குனிந்து அடிவிளிம்பில் விரலை ஓட்டினார்.

“இங்க கொஞ்சம் சொரசொரன்னு இருக்கே?”

“ஆமா. அங்க அவசரப்பட்டுட்டேன்.”

“சரி, பின் கதவுல அவசரப்படாதீக” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பின் கதவைப் பற்றி அதுவரை எங்களுக்குள் பேச்சே எழுந்ததில்லை. அரையாண்டு விடுமுறைக்கு அதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. ஒத்த டப்பாவா, ரெண்டு டப்பாவா என்று நான் முதல் தடவை கடைக்குப் போனபோதே அந்தப் பெண் என்னைக் கேட்டாரா? கேட்டதாக அவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. அப்போது கடையில் எங்கள் இருவரைத் தவிர வேறெவரும் இல்லை.