ஈரத்துணி கேட்கும் வண்டி

பழைய கார் புரோக்கரிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "வழியில நிக்காதுல்ல?" என்பதுதான். பழைய வண்டி வாங்கிப் பாதி வழியில் இறங்கித் தள்ளிய அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், விருதுநகரில், என் தலையில் ஒரு வண்டி வந்து விழுந்தது. ஜீப் உயரம், கார் சொகுசு, ஒரு குடும்பமே உட்காரலாம். ஆனால் இன்ஜின் சூடேறினால் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால்தான் கிளம்பும். விற்கும்வரை என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்:

"அது போனாத்தான் இங்கன உங்களுக்குச் சோறு."

தாயில்பட்டியில் ஒரு டமார்

தாயில்பட்டியில் பட்டாசு முதலாளி ஒருவர் வீட்டுக்கு ஓட்டிப்போனேன். வாசலில் நிறுத்தி அணைத்ததும் சைலன்சர் டமார் என்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் அசையவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இந்தச் சத்தத்தைக் கம்பெனி வாசல்ல கேட்டா என் ஆளுக அம்புட்டுப் பேரும் ஓடிருவாக. அப்புறம் சீசனுக்கு யாரு, நீங்களா வருவீக?"

லென்ஸ் வைத்த மனிதர்

சிவகாசி அச்சகக்காரர் இன்ஜினைத் திறக்கவே சொல்லவில்லை. காலண்டர் அச்சில் நிறம் பார்க்கும் லென்ஸை எடுத்துக் கதவில் வைத்துக் குனிந்துவிட்டார். முன்கதவு, பின்கதவு, மறுபடியும் முன்கதவு. ஒரு கதவு மாற்றியது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

"இதுல சிவப்பு தூக்கலா இருக்கே, அண்ணாச்சி. இப்பிடி நான் காலண்டர் அடிச்சுக் குடுத்தா, பார்ட்டி என் மூஞ்சியிலயே எறிவான்."

பரோட்டாக் கடை நிறுத்தம்

கடைசியாக, பருப்பு வியாபாரி காதர் பாய் குடும்பத்தோடு வந்தார். பாவம், அவருடைய பழைய கார் அவர் வீட்டில் நின்றதே அபூர்வம். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று சொந்தக்காரர்கள் மாறி மாறி இரவல் வாங்கிப் போவார்கள். இல்லையென்று சொல்ல இவருக்கு வாய் வராது. பிள்ளைகளோடு பஸ்ஸில் தொங்குவார்.

வண்டியின் நோயை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓட்டிப் பார்க்கச் சூலக்கரை வரை போய்த் திரும்பும்போது, அது என் வாக்கைக் காப்பாற்ற ஒரு பரோட்டாக் கடை முன்னால் நின்றது. அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் துணியை நனைத்துப் போட்டேன். திரும்பி வந்ததும் ஒரே திருப்பில் கிளம்பியது. பாய் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"வண்டி எனக்குத்தான், அண்ணாச்சி. வழியில நிக்கும்னு ஊரு பூராச் சொல்லுங்க. ஈரத்துணி விசயத்தை மட்டும் ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்புடாதீக!"

நல்ல வண்டி என்று சத்தியம் பண்ணி நான் விற்றதெல்லாம் இரவல் போய் ஊராருக்கு உழைத்துக்கொண்டிருக்க, நிற்கும் என்று சொல்லி விற்ற இந்த ஒன்றுதான் வாங்கியவர் வீட்டு வாசலிலேயே நின்றது.