விட்பியில் வாங்கிய எண்ணெய்

மகளின் கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருந்தன. மணவறையில் முழுச் சடங்கும் முடியுமட்டும் எழும்பாமல் இருக்க என் சலப்பை சம்மதிக்குமா என்பதுதான் என் ஒரே கவலை. கிருமி இல்லை, கல் இல்லை. ஆனால் வருடக்கணக்காக அழற்சியும் வலியும். சிறுநீர் முட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் ஓரிடத்தில் இருக்க விடாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லக்கூடிய வருத்தமா இது? முழங்கால் வலி என்றால் கௌரவமாகச் சொல்லியிருப்பேன்.

சிபிடி எண்ணெய் பற்றி வைத்தியரிடம் கேட்டேன். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, ஆனால் வெறி ஏறாது என்றார். எலிகளில் செய்த பரிசோதனையில் நம்பிக்கை தெரிகிறதாம். மனிதரில் போதிய ஆதாரம் இல்லையாம். எலிகளுக்குக் கலியாண வீடு இல்லை என்று நான் சொல்லவில்லை. என் மற்றக் குளிசைகளைப் பார்த்துவிட்டு, கொஞ்சமாகப் பாவித்துப் பார்க்கலாம் என்றார்.

வாங்குவதுதான் பெரும்பாடு. கஞ்சாவை இங்கே கனடாவில் சட்டப்படி விற்கிறார்கள். நாங்கள் இருக்கும் மார்க்கம் நகரத்துத் தமிழருக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் ஆட்களின் கண்ணில் படாமல் தள்ளியிருக்கும் விட்பி நகரத்துக்குக் கார் ஓடினேன். கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன்.

கடையில் எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் கோயில் மாதர் சங்கத் தலைவி. போதையால் பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றி வருடாவருடம் பேசுபவர். அவரும் கறுப்புக் கண்ணாடி. குளிருக்கு ஒதுங்கியதாக இருவரும் சொல்லிக்கொண்டோம். அது ஜூலை மாதத்து வெயில்.

வெளியே காரடியில், என்ன வருத்தம் என்று மெல்லக் கேட்டார். சொன்னேன். தன் பையைத் திறந்து அதே குப்பியைக் காட்டினார். அவருக்கும் சலப்பைதான். போன வருடம் அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் போயிருந்தேன். மணவறையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கை சமாளிச்சனான்? எழும்பி எழும்பிப் போனனான். ஐயரிட்டை முதலே சொல்லி வைச்சனான். நான் வருமட்டும் அவர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தவர்."

அப்போ எண்ணெய் எதற்கு என்றேன்.

"சில நாளைக்கு இதுக்கு நோ கேக்கும், சில நாளைக்குக் கேக்காது. நீர் ஐயரோடை கதையும்."

காருக்குள் ஏறி இருந்து அழுதேன். வலியைவிட அதை ஒளிப்பதுதான் என்னை இத்தனை வருடமும் களைக்கப் பண்ணியிருக்கிறது.

கலியாணத்தன்று எண்ணெய்க்கு வலி கேட்கவில்லை. மூன்று தரம் எழும்பினேன். ஒவ்வொரு தரமும் மந்திரம் நீண்டது. ஒரு சடங்கையும் குறைக்காமல் இவ்வளவு நிதானமாகச் செய்யும் ஐயரைத் தான் கனடாவில் கண்டதில்லை என்று மாப்பிள்ளையின் தாய் எல்லோரிடமும் மெச்சினார்.