சிவப்பு அம்பு ஒட்டிய பக்கங்கள்

இடது மார்பில் அந்தக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோது, வெளிநாட்டுக்குப் போகவேண்டிய குழந்தைச் சட்டைகள் எங்கள் கம்பெனியில் மலைபோலக் குவிந்து கிடந்தன. திருப்பூரில் கல்யாணம், காதுகுத்து, வயிற்றுவலி எல்லாமே ஷிப்மென்ட் போன பிறகுதான். நானும் கட்டியை அப்படியே தள்ளிப்போட்டேன். ஒரு ஷிப்மென்ட் போனது, அடுத்தது வந்தது. மூன்றாவது மாதம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதைப் படிக்கிற யாரும் அந்தத் தப்பைச் செய்துவிடாதீர்கள்.

என் பெயர் ஜெயசீலி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். சம்பளமில்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. அடுத்து என்ன நாவல் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சொல்வது. டீ நேரத்தில் தையல் லைனில் இருக்கும் பெண்கள் என் மேசையைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, இங்கே என்ன மாநாடா என்று சூப்பர்வைசர் கேட்பார்.

பயாப்சி (கட்டியில் ஊசி விட்டுச் சிறிது சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். புற்றுநோய்தான். பிறகு உடம்பு முழுவதும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் நான் எழுந்து, பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் அந்தோணியைக் காட்டினேன்.

“டாக்டர், எதுன்னாலும் அவுககிட்டயே சொல்லிருங்க. எனக்கு வேண்டாம்.”

சொல்லிவிட்டு வெளியே நடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கால்மணி நேரம் கழித்து அந்தோணி வந்தார். “இருபத்தோரு நாளைக்கு ஒருக்க மருந்து ஏத்தணுமாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கீமோ (புற்றுக்கு எதிரான மருந்தை ரத்தத்தில் ஏற்றுவது) வார்டில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள் இருந்தன. மருந்துக்கு முன்னால் ஒவ்வாமை வராமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள். அது உள்ளே போன ஐந்தாவது நிமிடம் உலகம் மெத்தென்று ஆகிவிடும். கையிலிருக்கும் நாவலில் மழை பெய்தால் வார்டிலும் பெய்யும். நர்ஸ் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பாட்டிலை மாற்றுவார். கதையில் வருகிற யாரோ ஒருத்தி என் கால்மாட்டில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருப்பாள். கண் விழித்தால் மணி மூன்றாகியிருக்கும். அந்த நான்கு மணி நேரம் பிடித்திருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எந்தப் புத்தகம் எந்த நாளுக்கு என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மருந்து ஏறும் நாளுக்கு ஒன்றுமே நடக்காத நாவல் வேண்டும். நான் படித்ததில், மலையில் மூடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தை ஒருவர் தினமும் பெருக்கிக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கத்தில் தூங்கினாலும் நஷ்டமில்லை. அடுத்த ஒரு வாரம் விருந்து வருகிற கதையின் பக்கமே போகாதீர்கள், அச்சில் இருக்கிற மீன் குழம்பும் குமட்டும். வாய்ப்புண் ஆறத் தொடங்கியதும் துப்பறியும் கதை நல்லது. ஆனால் மருந்து மறதியைக் கொடுக்கும். கொலைகாரனை மறந்துவிட்டு ஒரே நாவலை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் ஏமாந்தேன்.

பக்கத்து நாற்காலி ருக்மணி அக்காவுடையது. பொங்கலூரில் கோழிப்பண்ணையும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். எனக்கு வந்த அதே நோய்தான் அவருக்கும். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால், அம்மாவுக்கு அல்சர் என்று சொந்தக்காரர்களிடம் மகன் சொல்லி வைத்திருந்தார்.

“ஏங்கண்ணு, அப்படி என்னத்தப் படிக்கறே? எனக்கும் ஒண்ணு சொல்லு. பொழுதே போகமாட்டேங்குது” என்றார் ஒரு நாள்.

ஆற்றில் பரிசல் ஓட்டும் பெண்ணைப் பற்றிய ஒரு நாவலைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குப் பாதிக் கதைக்குமேல் நோய் வந்துவிடும். எனவே நோய் வரும் பக்கங்களில் எல்லாம் சிவப்பு அம்பு ஒட்டி, “அம்பு இருக்கிற பக்கத்தை விட்டுட்டுப் படிங்க அக்கா” என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அடுத்த நாவலுக்கும் அப்படியே ஒட்டினேன். வார்டில் இன்னும் இரண்டு பேர், எங்களுக்கும் அம்பு ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான்காவது முறை போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். போன் செய்தேன்.

“நான் இனி வரலே கண்ணு. போதும்.”

“என்னக்கா ஆச்சு?”

“உன்ற அம்பப் பாத்துத்தான் எனக்குப் புரிஞ்சுது. பொழைக்கறவளுக்கு எதுக்குச் சாவ மறைக்கோணும்? ஊட்ல டிவில ஆஸ்பத்திரி வந்தா உடனே மாத்தறாங்க. எழவுக்கு என்னயக் கூட்டிட்டே போறதில்ல. நீயும் ஒளிக்கறே. அப்ப டாக்டரு உங்ககிட்டயெல்லாம் என்னமோ சொல்லியிருக்காரு. போற உசுருக்கு எதுக்கு இந்த ஊசி, இந்த வாந்தி?”

போனை வைத்துவிட்டார். அன்று ஊசி போட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதியில் மருந்தை நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். இருநூறு பக்கப் புத்தகத்தைக் கொடுத்து ஒருத்தியின் சிகிச்சையைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தபடியே கிடந்தேன்.

அந்த வாரம் என் நியூட்ரோபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளணு) மிகவும் குறைந்திருந்தது. கூட்டத்துக்குள் போகவே கூடாது என்றிருந்தார்கள். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு பொங்கலூருக்குப் பஸ் ஏறினேன்.

“ஒரு கதைப் புஸ்தகத்துக்காக உசுர விடப் போறியா?” அந்தோணி திட்டிக்கொண்டே கூட வந்தார்.

“என்னால இன்னொரு உசுரு போயிரக் கூடாதுல்லா” என்றேன்.

ருக்மணி அக்கா தோப்புக்குள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தலையில் முடியில்லாமல் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. பரிசல்காரி நாவல் தலைமாட்டில் கிடந்தது. அந்தோணியிடம், “வாங்க, உக்காருங்க” என்று சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானம் எதுவும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது.

“அக்கா, டாக்டர் உங்களப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, சத்தியமா. அந்தப் பக்கத்த நானே படிக்கல. புரட்டிப் பாத்து, வலி, ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தா பயந்து ஒட்டிட்டேன். அவ பொழச்சாளா செத்தாளான்னுகூட எனக்குத் தெரியாது.”

அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

“படிக்காமயா எனக்குக் குடுத்தே?”

“ஆமாக்கா.”

சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு புத்தகத்தை எடுத்து, முதல் அம்பு இருந்த பக்கத்தைத் திறந்தார். “கண்ண மூடிக்க. நான் படிக்கறேன், கேளு” என்றார்.

தென்னை மட்டைகள் மேலே மெல்ல உரசிக்கொண்டிருந்தன. அவர் எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்தார். பரிசல்காரி நோயோடு ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்தாள். வலி குறைந்த நாட்களில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரியுடன் ஒரு பானைக்காகச் சண்டை போட்டாள், ஜெயித்தாள். கடைசியில் ஒரு மத்தியானம் செத்துப்போனாள். அது ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. அழுதேன். ஆனால் அத்தனை நாளும் என்னை மிரட்டியது அந்தப் பக்கங்களில் இல்லை. ஆறு கட்டிலுக்கு அடியில் ஓடுவதுபோல இருந்தது, கொஞ்சம் தூங்கியும் போனேன்.

விழித்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு டாக்டரு என்ன சொன்னாரு கண்ணு?”

“தெரியாதுக்கா. நான் கேக்கல.”

எதிரே நாற்காலியில் இருந்த அந்தோணி எழுந்து பண்ணைப் பக்கம் நடந்துவிட்டார். அக்கா அவர் போவதைப் பார்த்தார்.

“சரி, ரண்டு பேரும் சேந்து போயிக் கேப்போம். நீ கேட்டீனா நானும் மருந்து ஏத்திக்கறேன்.”

செவ்வாய்க்கிழமை போனோம். டாக்டரிடம் அக்காதான் பேசினார். “ஏனுங்க டாக்டர், ரண்டு பேருக்கும் ரண்டு பேரு முன்னாடியே சொல்லிப்போடுங்க.”

டாக்டர் முதலில் அக்காவின் ஸ்கேனைக் காட்டினார். கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, மிச்ச மருந்தையும் ஏற்றி ஆபரேஷன் செய்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “நெஜமாவே தெரிஞ்சுக்கணுமாம்மா?” என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

“உங்களுக்கு எலும்புல ரெண்டு எடத்துல பரவியிருக்கு. முழுசா எடுத்துட முடியாது. ஆனா அடக்கி வெச்சுக்கலாம். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே வருஷக்கணக்கா இருக்கிறவங்க உண்டு.”

அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. வெளியே நின்ற அந்தோணி என் முகத்தைப் பார்த்ததும், மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததை அந்த நடையிலேயே அழுது தீர்த்தார். அவரை அத்தனை நாளும் தனியே சுமக்க விட்டது நான்தான்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ருக்மணி அக்காவுக்கு எல்லாச் சிகிச்சையும் முடிந்துவிட்டது. சுருட்டையாக முடி வளர்ந்திருக்கிறது. சம்பந்தி வீட்டாரிடம் தானே விஷயத்தைச் சொன்னார், மகள் கல்யாணமும் நடந்தது. நான் தினமும் மாத்திரை, மாதம் ஓர் ஊசி என்று அரை நாள் வேலைக்குப் போகிறேன். முன்பெல்லாம் உடம்பு என்று ஒன்று இருப்பதையே மறந்துதான் வேலை பார்த்தேன். இப்போது காலையில் எழுந்ததும் இடுப்பெலும்பு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் காலைத் தரையில் வைக்கிறேன். நல்ல நாளில் ஒரு மத்தியானம் ஒரு வாரம் அளவுக்கு நீண்டு கிடக்கிறது.

டாக்டர் எனக்குச் சொன்னதுபோல் உங்களுக்கும் சொல்லியிருந்தால், அடுத்த புத்தகமாகத் தடிமனான நாவலை எடுங்கள். முடிப்போமா என்று யோசிக்காதீர்கள். நான் இப்போது படிப்பது ஆயிரம் பக்கம். மூன்று தலைமுறை, ஏராளமான பெயர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் போகிறது, சில நாள் அதுவும் இல்லை.

போன வாரம் ருக்மணி அக்கா வீட்டுக்கு வந்தார். அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டு, கட்டில்மேல் இருந்த அந்த நாவலைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

“இது நல்லாருக்காக்கும்?”

“ரொம்ப நல்லாருக்குக்கா. ஆனா நான் இன்னும் பாதிகூடத் தாண்டல. வேணும்னா நீங்க முதல்ல எடுத்துட்டுப் போங்க.”

அவர் புத்தகத்தை என் மடியில் திரும்ப வைத்தார்.

“வேண்டாம். நீ மெதுவாப் படி கண்ணு. எனக்கொண்ணும் அவசரமில்ல.”