எண்பத்தெட்டாம் எண்ணில் இரண்டு பேர்

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தகவல் அட்டவணைகளை வடிவமைப்பதுதான் அவள் வேலை. யாராவது புதிதாக ஒன்றைக் கட்ட வந்தால், "இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க, அப்படி ஆனா என்ன பண்ணுவீங்க" என்று கேட்பாள். அப்படிக் கேட்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் கேட்டால் ஒருவருக்கும் பிடிக்காது.

மேலாளர் அப்படியில்லை. எதையும் கேட்காத மனிதர்; அதனாலேயே மளமளவென்று மேலே வந்துவிட்டார். ஒரு பெரிய மருத்துவமனையின் கண் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்ததும், சந்தைக்குப் புதிதாக வந்திருக்கும் தரவுத்தளம் எது என்று விசாரித்து, அதிலேயே கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பழையதற்கு என்ன குறை என்று அவள் கேட்டாள். பழையது என்பதுதான் குறையாம்.

புதியதையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பட்டியல் முழுவதையும் நீளமான ஒரே வரிசையாக வைத்துக்கொள்ளும். சேருகிற ஒவ்வொருவருக்கும் அந்த வரிசையில் பக்கவாட்டில் ஒரு கட்டம். ஆயிரக்கணக்கில் கட்டங்கள் சேர்ந்தாலும் முகம் சுளிக்காது. கட்டத்துக்கு ஒரு தலைப்புக் கொடுத்தால் போதும். ஆனால் ஒரே தலைப்பில் இரண்டு தடவை எழுதினால் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. பிந்தி வந்ததை வைத்துக்கொண்டு முந்தி வந்ததை மறந்துவிடும். பெரிய பதவிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அதற்கு இருந்தது.

தலைப்பாக எதை வைப்பது என்பதில்தான் தகராறு.

"லிஸ்ட்னா ஒண்ணு, ரெண்டு, மூணுதாம்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் மேலாளர்.

"சார், ஆஸ்பத்திரியில பதிவு பண்ற கவுன்ட்டர் ரெண்டு இருக்கு. கடைசி நம்பர் பன்னெண்டுன்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காட்டும். ரெண்டு பேரும் பதிமூணுல எழுதுவாங்க. அதுல ஒரு நோயாளி காணாமப் போயிடுவாங்க. பதிவு பண்ண நேரத்தையும் நோயாளியோட அடையாள எண்ணையும் சேர்த்துத் தலைப்பா வைங்க, மோதவே மோதாது. எத்தனாவது ஆள்னு படிக்கும்போது எண்ணிக்கலாம்."

"ஒரே நேரத்துலயா? உங்களுக்கு மட்டும் எப்படிம்மா இதெல்லாம் தோணுது?"

அறையே சிரித்தது. சிரிப்பதும் ஒரு வேலைதானே, மேலாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. சோதனைக் கணினியில் ஒரு பெயர் மறைவதை அவள் செய்தே காட்டினாள். "நிஜத்துல அப்படி நடக்காது" என்று தீர்ப்பாகிவிட்டது. வடிவமைப்புக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். இரண்டு வாரம் இழுத்தடித்தாள். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனாலே பேச்சு நின்றது. மூன்றாவது வாரம், ஒரு தடவையாவது நல்ல பெயர் வாங்கிப் பார்ப்போமே என்ற சபலம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்று மத்தியானம் எல்லோரும் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

பட்டியல் அமோகமாக ஓடியது. எட்டு மாதத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. எப்படி வரும்? பட்டியலிலிருந்து காணாமல் போனவர்களுக்குத் தாங்கள் காணாமல் போனதே தெரியாது. கையில் எண் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு, வரிசை மெதுவாகப் போகிறது என்று நல்ல பிள்ளைகளாக வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். புகாரே இல்லாத பணிக்காக மேலாளருக்கு விருது அறிவித்தார்கள்.

அந்த வாரம் ஒரு காலையில், சமையலறையில் மாமியார் டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். மேடை நனைந்து கால்வரை வழிந்த பிறகுதான் மாமியார் நிறுத்தினார். கண்ணில் அழுத்தம் என்று ஏழு மாதத்துக்கு முன்பே கணவன் கூட்டிக்கொண்டு போய் அதே மருத்துவமனையில் பதிந்திருந்தான். கூப்பிடுவார்கள் என்று வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். முட்டுக்கட்டையும் இருந்தாள்.

"அத்தை, உங்க சீட்டு எங்க?"

அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண்பத்தெட்டு. மருத்துவமனையில் இருநூறைத் தாண்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். எண்பத்தெட்டாம் கட்டத்தில் யாரோ ஓர் ஓய்வுபெற்ற ஓட்டுநர் இருந்தார். அவருக்குச் சிகிச்சை முடிந்து மூன்று மாதமாகிறது.

தரவுத்தளம் மறந்தாலும், தன்னிடம் எழுத வந்ததையெல்லாம் வந்தபடியே குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகள் தனியே உண்டு. பழைய கோப்புகளை அழிக்கச் சொல்லி மேலாளர் உத்தரவு போட்டு ஏழு மாதம். அழிக்க வேண்டியவர் வேலையை விட்டுப் போய் அதைவிட ஒரு வாரம் கூடுதல். நிர்வாகம் இவ்வளவு சீராக நடந்ததால் எல்லாக் கோப்பும் பத்திரமாக இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு பெயர் விழுந்த இடங்களை இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினாள். முப்பத்தொரு பேர். மாமியாரைச் சேர்த்துத்தான்.

"விருது விழா வெள்ளிக்கிழமை. அது முடியட்டுமே, பொறுமையா சொல்லிக்கலாம். ஏழு மாசம் இருந்தவங்க நாலு நாள் இருக்க மாட்டாங்களா?" என்றார் மேலாளர்.

இதைச் சொல்லும்போது அவர் விழாவுக்கான சட்டையை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முப்பத்தொரு பெயரையும் அச்செடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போய், பட்டியலைக் கவனிக்கும் அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். பதிந்த நேரப்படி வரிசை. மாமியார் பெயரை மேலே தூக்கிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வரிதான். அச்செடுக்கும் முன் கை போனது. ஆனாலும் ஆறாவது இடத்திலேயே விட்டாள்.

விழா ரத்தானது. மேலாளர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். அதற்காக அவள் ஒன்றும் உருகிவிடவில்லை. தலைப்பை மாற்றினார்கள். அவள் முதலில் சொன்ன அதே நேரமும் அடையாள எண்ணும். யோசனை மேலாளருடையது என்று அறிக்கையில் இருந்தது.

முப்பத்தொரு பேரையும் உடனே கூப்பிட்டார்கள். மாமியாரின் முறை ஒன்பதாம் நாள் வந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "வலது கண்ணுல போன பார்வை போனதுதாங்க. இடது கண்ணைக் காப்பாத்திடலாம். மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டுமே நின்னிருக்கும்."

வெளியே பெஞ்சில் மாமியாரும் அவளும் உட்கார்ந்தார்கள். கணவன் மருந்து வாங்கப் போயிருந்தான். மேலாளர்மேல் பழியைப் போட அவளிடம் வண்டி வண்டியாக ஆதாரம் இருந்தது. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

"அத்தை, உங்க பேரு லிஸ்ட்ல இல்லாம போனதுக்குக் காரணம் நான்தான். இப்படி ஆகும்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன்."

மாமியார் திரும்பினார். பேருந்து ஐந்து நிமிஷம் தாமதமானால் நடத்துநரைப் பிடித்து உலுக்குகிற மனுஷி. திட்டட்டும், இன்றைக்கு எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வோம் என்று அவள் காத்திருந்தாள்.

"மூணு தடவை போனைக் கையில எடுத்தேன்மா, ஏன் இன்னும் கூப்பிடலன்னு கேட்க" என்றார் மாமியார். "நீ பண்ண லிஸ்ட்டாச்சே. நான் போய்ச் சத்தம் போட்டா உன்னை ஆபீஸ்ல ஏதாவது சொல்லிடப் போறாங்கன்னு வச்சிட்டேன்."